கத்தியும் கையுமா புல்வெளிக்குக் கிளம்புற ஸ்லோவேனியாக்காரங்க

வணக்கம் மக்களே! ஸ்லோவேனியா, ஆல்ப்ஸ் மலைக்கும் ஏட்ரியாட்டிக் கடலுக்கும் நடுவுல இருக்குற குட்டி நாடு, 20 லட்சம் சொச்சம் ஜனம், பாதிக்கு மேல காடு. மார்ச் மாசம் பனி உருகுனதும் அங்க ஒரு பாட்டி சின்னக் கத்தியோட புல்வெளில குனிஞ்சு எதையோ நோண்டிட்டு இருந்தாங்கன்னா, அது ரெக்ராட். அதாங்க, டான்டிலயன், மஞ்சப் பூ பூக்குற ஒரு காட்டுக்கீரை.

[திரையில்: ரெக்ராட் செடி, குளோசப்]

இலையைப் பிச்சு எடுக்க மாட்டாங்க. கத்தியை மண்ணுக்குள்ள சாய்ச்சு விட்டு வேர் ஆரம்பிக்குற இடத்துல ஒரு வெட்டு, மொத்த இலையும் ஒரே கொத்தா கைக்கு வந்துரும். பூ வர்றதுக்கு முன்னாடியே எடுத்துரணும், விட்டா கசப்பு ஏறிடும். மண்ணுக்குள்ள வெயில் படாம இருந்த அடிப்பக்கம் வெள்ளையா, இளசா இருக்கும் பாருங்க, ருசியே அங்கதான்.

அலசுறதுதான் பெரிய வேலை, நாலஞ்சு தண்ணி மாத்தணும். அப்புறம் சூடு ஆறாத உருளைக்கிழங்கு, அவிச்ச முட்டை, வினிகர், கரும்பச்சையா இருக்குற பூசணி விதை எண்ணெய், சில வீட்ல பன்னிக்கொழுப்பை உருக்குனா மிஞ்சுற மொறுமொறு துண்டையும் சூடா மேல கொட்டுவாங்க, அந்தச் சூட்டுல இலை லேசா வதங்கும். சாலட்னு பேரு, ஆனா வயிறு ரொம்பிடும்!

அடுத்து செமாஷ், காட்டுப்பூண்டு. ஈரமான காட்டுக்குள்ள பாய் விரிச்ச மாதிரி கிடக்கும், வாசனை முதல்ல வந்துரும். சிக்கலே இங்கதான். அதே சீசன்ல, பார்க்க கிட்டத்தட்ட அதே மாதிரி இலையோட, யெசென்ஸ்கி பொட்லெசெக்னு ஒரு விஷச்செடி முளைக்கும். பூ பூக்குறது இலையுதிர் காலத்துல, அதனால வசந்தத்துல பூவை வச்சுக் கண்டுபிடிக்க வழியே இல்ல. அதுல இருக்குற விஷம் கோல்ச்சிசின், நம்ம செங்காந்தள் கிழங்குல இருக்கே அதேதான். சாப்பிட்டு சில மணி நேரம் ஒண்ணுமே தெரியாது, அப்புறம்தான் வாந்தி, பேதின்னு ஆரம்பிக்கும். உயிரே போயிருக்கு.

"மோந்து பார்த்தா தெரிஞ்சுறாதா?"ன்னு கேப்பீங்க. முதல் இலைக்கு தெரியும். பத்து இலை பறிச்ச பிறகு விரல் பூரா பூண்டு வாசம், அந்தக் கையில எதை எடுத்து மோந்தாலும் பூண்டுதான்!

[திரையில்: ரெண்டு இலையும் பக்கத்துல பக்கத்துல]

அதனால அடிப்பக்கத்தைப் பாருங்க. செமாஷ்ல ஒவ்வொரு இலைக்கும் தனி காம்பு இருக்கும், இலை மெத்துனு இருக்கும். பொட்லெசெக்ல காம்பே கிடையாது, விறைப்பான இலைங்க ஒரே இடத்துல இருந்து ஒண்ணை ஒண்ணு சுத்திக்கிட்டு கிளம்பும். இன்னொரு ஆளும் இருக்கு, லில்லி ஆஃப் த வேலி, அதுவும் விஷம், ஒரே தண்டுல ரெண்டு இலை வரும்.

அரிவாள் வச்சு கொத்தா அறுத்தா இது எதுவுமே கண்ணுல படாது. ஒவ்வொரு இலையா பறிக்கணும், வீட்டுக்கு வந்ததும் மேசையில பரப்பி இன்னொரு தடவை ஒவ்வொண்ணா பார்த்துட்டுத்தான் கத்தியை எடுக்கணும்.