ராவிக் கொடுத்த செயின்

பெரியவர்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

மரம் அறுக்கும் வேலையில் மூத்தவர்களும் இளையவர்களும் எப்படிப் பழக வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. "பெரியவர்களை மதியுங்கள், சிறியவர்களை அணைத்துப் போங்கள்" என்று சொல்லிவிட்டு நான் இறங்கிவிட முடியும். நாளைக் காலையில் ஸ்டார்ட் கயிற்றை இழுக்கும்போது அந்தச் சொல் எதற்கும் உதவாது. அதனால் நாம் அறுக்கும் செயின் சா மெஷினின் செயினிலிருந்து தொடங்குகிறேன். ஒருவரை நாம் எவ்வளவு மதிக்கிறோம் என்பது அவர் கையில் நாம் கொடுக்கும் மெஷினைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பல குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்த தம்பிக்கு, ஓரமாகக் கிடக்கும் பழைய மெஷினை எடுத்துக் கொடுப்பார்கள். "முதலில் இதில் கை பழகட்டும்" என்பார்கள். செயின் மொட்டையாக இருக்கும், பிரேக் சரியாகப் பிடிக்காது, கைப்பிடி ரப்பர் நைந்திருக்கும். இந்த வழக்கத்தை நாம் அடியோடு விட வேண்டும். புதுக் கைக்குத்தான் இருப்பதிலேயே நல்ல மெஷின் வேண்டும். குட்டையான பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), சுண்டினால் பிடிக்கும் செயின் பிரேக், எகிறலைக் குறைக்கும் வகைச் செயின், இந்த மூன்றும் அவருக்கு இருக்க வேண்டும். பார் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் ஆளை நோக்கி எகிறும். முழு வேகத்தில் செயின் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த எகிறலைப் பார்த்துச் சுதாரிக்க எந்த வயதுக்காரருக்கும் நேரம் கிடைக்காது.

கூரான செயின் மெஷினின் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும், சீவல் சீவலாகத் தள்ளும். மொட்டையானால் மாவு போலத் தூள் வரும். தூளைப் பார்த்த இடத்திலேயே நிறுத்தி ராவ வேண்டும். இதை யாரும் சொல்லித் தராத தம்பி மெஷினை அழுத்துவார். அழுத்தினால் பார் சூடேறும், கிளட்ச் தேயும், கையில் அதிர்வு கூடும். வெட்டு முடிந்து மெஷின் திடீரென்று விடுபடும்போது நிலை தடுமாறும். மாலையில் "பையனுக்கு வேலை வரவில்லை" என்று பேசுவார்கள். குறை முழுக்கச் செயினில் இருந்திருக்கும்.

ஆகவே மூத்தவர் இளையவருக்குக் கொடுக்கக்கூடிய முதல் பொருள் அரம்தான். எந்தச் செயினுக்கு எந்த அரம் என்பதில் ஆரம்பியுங்கள். 3/8, 0.325 என்பவை அங்குலக் கணக்கில் செயினின் கண்ணி அளவு. சிறிய மெஷின்களில் வரும் தாழ்ந்த வகை 3/8 செயினுக்கு 4 மி.மீ. உருண்டை அரம். 0.325 செயினுக்கு 4.8 மி.மீ. பெரிய 3/8க்கு, தயாரிப்பைப் பொறுத்து, 5.2 அல்லது 5.5. அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். கோணம் பெரும்பாலும் 30 டிகிரி. பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளும்போது மட்டும் அரம் பட வேண்டும். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளல். இருப்பதிலேயே குட்டையான பல்லைத் தேடி, மற்றவற்றை அதன் அளவுக்குக் கொண்டு வர வேண்டும். நம் கை ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் லேசாகவும் ராவும். அதனால் இடப் பற்களும் வலப் பற்களும் நீளம் மாறிவிட்டால் வெட்டு நேராக இறங்காமல் வளைந்து போகும்.

பல்லுக்கு முன்னால் நின்று, பல் எவ்வளவு ஆழம் தின்னலாம் என்று கட்டுப்படுத்தும் ரேக்கர் விஷயத்தில்தான் அண்ணனுக்கும் தம்பிக்கும் உரசல் வரும். ரேக்கர், பல்லின் நுனியைவிட ஏறக்குறைய 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். நாலைந்து தடவை ராவியபின் அளவுத் தகட்டை வைத்துப் பார்த்து, தட்டை அரத்தால் ஓரிரு தடவை ராவினால் போதும். மூத்த கைகள் பல தகடு இல்லாமலே, கண் அளவில், "நல்லா தின்னட்டும்" என்று கூடுதலாக இறக்கிவிடும். அப்படி இறக்கிய செயின் மரத்தைக் கவ்வும், உலுக்கும், எகிறலும் அதிகமாகும். இருபது வருடக் கை அதைத் தாங்கிப் பழகியிருக்கலாம். அதே மெஷினை அடுத்து எடுப்பவருக்கு அது ஆபத்து. தம்பி அளவுத் தகட்டை எடுத்தால் அண்ணன் அதை அவமதிப்பாக நினைக்கக் கூடாது. தம்பியும் தகட்டை நீட்டிச் சரிபார்க்கிற தோரணையில் கேட்காமல், "அண்ணே, இதையும் வைத்து ஒரு தடவை பார்த்துவிடலாமா" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் நன்றாக இருக்கும்.

பெட்ரோல் கலப்பிலும் இதே கதைதான். 25க்கு 1 என்ற பழைய கணக்கில் ஒரு லிட்டருக்கு 40 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில். இப்போதைய பல மெஷின்களுக்கு, அதற்குரிய தரமான ஆயில் போட்டால், 50க்கு 1, அதாவது 20 மி.லி. அண்ணன் பழைய கணக்கிலும் தம்பி புதுக் கணக்கிலும் ஊற்றி, இரண்டும் ஒரே மாதிரிக் கேனில் இருந்தால் சண்டை நிச்சயம். ஆயில் குறைந்தால் பிஸ்டன் கீறி மெஷின் இறுகிவிடும். கூடினால் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி படியும். யார் சொல்வது சரி என்று வாதாட வேண்டாம். மெஷின் கையேட்டில் உள்ள அளவையும் கலந்த தேதியையும் கேன் மேல் எழுதிவிட்டால் போதும். ஒரு மாதத்துக்கு மேல் நின்ற கலவையை ஊற்ற வேண்டாம்.

இனிச் சொல்லப்போவதை இளையவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். மூத்தவர்கள் பலரைப் பற்றி நமக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கூப்பிட்டால் திரும்ப மாட்டார், எரிந்து விழுவார், கத்துவார் என்கிறோம். இதில் பெரும்பகுதி சுபாவம் இல்லை, காது. முழு வேகத்தில் ஓடும் செயின் சா 100 முதல் 115 டெசிபல் வரை சத்தம் போடும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம், 109 டெசிபலுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. காது மூடி இல்லாமல் வருடக்கணக்கில் அறுத்தவரின் செவியில் முதலில் போவது கூர்மையான, மேல் சுருதி ஒலிகள். பேச்சுச் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. தன் குரலின் அளவும் தெரியாததால் உரக்கப் பேசுவார். அவர் கோபத்தில் இல்லை.

அவரிடம் பேசும் முறை இதுதான். பின்னாலிருந்து ஒருபோதும் தோளைத் தொடாதீர்கள்; திடுக்கிட்டுத் திரும்பினால் பாரும் சேர்ந்து திரும்பும். அவர் கண்ணில் படும்படி முன்பக்கமாக, பார் எட்டாத தூரத்தில் வந்து நில்லுங்கள். மெஷின் ஐடிலுக்கு இறங்கி, பிரேக் விழுந்த பிறகு நெருங்குங்கள். காலையிலேயே கைச் சைகைகளை முடிவு செய்துகொள்ளுங்கள்: நிறுத்து, விலகு, விழப்போகிறது, சரி. நான்கு போதும்.

அடுத்தது விரல். வருடக்கணக்கான அதிர்வு விரலின் ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுக்கிறது. குளிரில் விரல் நுனி வெள்ளையாக வெளுத்து மரத்துப் போகும். சட்டைப் பொத்தான் பிடிபடாது, சிறிய நட்டு கையிலிருந்து நழுவும். அதிர்வைக் குறைக்கும் கைப்பிடிகள் 1960களில்தான் வரத் தொடங்கின. வந்த பிறகும், ரப்பரும் ஸ்பிரிங்கும் உடைந்த மெஷின்களோடு வேலை செய்தவர்கள் எத்தனையோ பேர். அண்ணன் பிளக்கைக் கழற்ற நேரம் எடுத்தால் சிரிக்காதீர்கள், ஸ்பானரைப் பிடுங்கவும் செய்யாதீர்கள். மெஷினை நீங்கள் பிடித்துக்கொண்டாலே அவருக்கு வேலை பாதியாகிவிடும். மூத்தவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். விரலில் என்ன ஆகிறது என்பதைத் தம்பிகளிடம் மறைக்காதீர்கள். வேலை முடிந்தும் விரல் சுறுசுறுவென்று இருந்தால், நுனி வெளுத்தால், அப்போதே மருத்துவரிடம் போக வேண்டும், அதிர்வைக் குறைக்க வேண்டும். தொடக்கத்தில் கவனித்தால் தணிய வாய்ப்பு உண்டு, முற்றினால் திரும்பாது. கைகளைச் சூடாக வைப்பது, கைப்பிடியை இறுக்கி நெரிக்காமல் பிடிப்பது, கூரான செயின், நைந்த ரப்பரை உடனே மாற்றுவது, புகையை விடுவது எல்லாம் உதவும். உங்கள் வாயால் கேட்டால் தம்பிகள் நம்புவார்கள்.

அதற்காகவே நான் சொல்லும் ஒரு ஏற்பாடு, ஒரு டேங்க் ஒருவருக்கு என்பது. பெட்ரோல் தீர்ந்ததும் கை மாறட்டும். யாரும் ஓய்வு கேட்டு நிற்க வேண்டியதில்லை, யாருடைய வீம்பும் அடிபடாது, இருவர் விரலும் பிழைக்கும். கைமாற்றும்போது இன்ஜின் நின்றிருக்க வேண்டும், பார் உறை மாட்டியிருக்க வேண்டும், இரண்டு டேங்கும் நிரம்பியிருக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் செயின் ஆயிலும் ஊற்றுவது பழக்கமாகட்டும்.

ஒரு சிறு பழங்கதை. ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் கொண்டுவந்த மின்சாரச் செயின் சா இரண்டு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டிய மெஷின். இந்தத் தொழிலின் மெஷின் பிறக்கும்போதே ஜோடியாக நின்று வேலை வாங்கியது. இன்று ஒருவர் தூக்கிவிடலாம். ஆனாலும் மரம் சாய்க்கத் தனியாகப் போகக் கூடாது என்பது மாறவில்லை.

மரத்தடிக்கு வருவோம். மெஷினைத் தொடுவதற்கு முன் இருவரும் தனித்தனியாக மரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சாய்வு எந்தப் பக்கம், கிளைப் பாரம் எங்கே, பட்ட கிளை தொங்குகிறதா, கொடி பக்கத்து மரத்தோடு பின்னியிருக்கிறதா, அடியில் பொந்து உண்டா, காற்று எப்படி. பார்த்து முடித்ததும் முதலில் பேச வேண்டியவர் இளையவர். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அண்ணன் முதலில் சொல்லிவிட்டால் தம்பியின் கண் அவர் சொன்னதை மட்டுமே பார்க்கும். தம்பி தவறாகச் சொன்னாலும், எதைத் தவறவிட்டார் என்பது அண்ணனுக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் இருவருக்குமே மற்றவரிடம் கற்க இருக்கிறது. 40 செ.மீ. விட்டமுள்ள மரம் என்றால் விழும் பக்கத்தில் ஆப்பு வடிவில் வெட்டியெடுக்கும் வாய்வெட்டு 8 முதல் 10 செ.மீ. ஆழம். எதிர்ப்பக்கத்துப் பின்வெட்டுக்கும் வாய்க்கும் நடுவே அறுக்காமல் விடும் கீல் 4 செ.மீ. கனம். அந்தக் கீல்தான் மரத்தைக் கடைசிவரை பிடித்து வழிநடத்துகிறது, அதை அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்குப் போகும். முன்பக்கம் வலுவாகச் சாய்ந்த மரத்தைப் பின்னாலிருந்து வேகமாக அறுத்து முடிப்பது பழைய கைகளின் வழக்கம். அறுப்பு கீலை எட்டுவதற்குள் தண்டு மேல்நோக்கிப் பிளந்து, பின்னால் தெறித்து ஆளை அடிக்கும். பயிற்சிக்குப் போய் வந்த தம்பிகளுக்கு இதற்கு மாற்று தெரியும். பார் நுனியின் கீழ்ப்பக்கத்தால் தொடங்கி, கீலுக்குப் பின்னால் பக்கவாட்டில் குத்தி நுழைத்து, பின்பக்கம் ஒரு பட்டை மரத்தை விட்டுவைத்து, கடைசியில் அதை மட்டும் அறுத்துவிடுவது. முப்பது வருடம் அறுத்தவர் இதை இருபத்திரண்டு வயதுக்காரரிடம் கேட்டுக் கற்பதில் எந்தக் குறைவும் இல்லை. மரத்தின் குணமோ அண்ணனிடம்தான் கிடைக்கும். எந்த மரத்தின் கீல் வளையாமல் பட்டென்று முறியும், கோடரிப் பின்புறத்தால் தட்டினால் எந்தச் சத்தம் உள்ளழுகல், வளைந்து கிடக்கும் கிளையில் எந்தப் பக்கம் அமுங்கிய நெருக்கம், எந்தப் பக்கம் விறைத்த இழுவை. நெருக்கப் பக்கம் முதலில் மேலோட்டமாக, பிறகு இழுவைப் பக்கம். மாற்றி வெட்டினால் பார் சிக்கும், அல்லது கிளை முகத்துக்கு வரும்.

"நிறுத்து" என்ற சைகைக்கு வயது கிடையாது. வந்து இரண்டு நாளானவர் கை தூக்கினாலும் மெஷின் நிற்க வேண்டும், காரணம் பிறகு கேட்கலாம். அவர் பயந்தது வீண் பயமாக இருந்தால்? "சரி, பார்த்தது நல்லது" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். அந்த ஒரு தடவை சிரித்துவிட்டால், உண்மையிலேயே கிளை முறியும் நாளில் அவர் கை தூக்கத் தயங்குவார்.

திருத்துவதற்கும் இடம் உண்டு. இன்ஜின் ஓடும்போது திட்டாதீர்கள், வேலை கொடுத்தவர் முன்னாலும் திட்டாதீர்கள். மரம் விழுந்து அசைவு அடங்கியபின் இருவரும் அடிக்கட்டையிடம் போய்க் குனியுங்கள். கீல் ஒரு பக்கம் கனமாக இருந்தால் மரம் அந்தப் பக்கம் இழுத்திருக்கும். வாயின் இரண்டு வெட்டுகளும் சந்திக்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடியிருந்தால் கீல் சீக்கிரம் முறிந்திருக்கும். அடிக்கட்டையைப் பார்த்துப் பேசும்போது யாருக்கும் முகம் சுருங்காது. அண்ணன் வெட்டிய கட்டையிலும் தம்பி இப்படிக் கேட்க இடம் இருக்கட்டும்.

பேட்டரி மெஷின் வந்தபின் ஒரு புதுச் சிக்கல். மூத்தவர்களின் எச்சரிக்கை முழுவதும் சத்தத்தில் இருக்கிறது. இன்ஜின் சத்தம் நின்றால் மெஷின் நின்றதாகவே கை நினைக்கும். பேட்டரி மெஷின் சத்தமில்லாமல் காத்திருந்து, விசையைத் தொட்டதும் ஓடும். செயினில் கை வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றி எடுப்பதைத் தம்பிகள் முதல் நாளிலேயே அண்ணன்மாருக்குச் செய்து காட்டுங்கள்.

மாலையில் இருவரும் உட்கார்ந்து மெஷினைத் துடைக்கும் அரை மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். பாரைக் கழற்றி, செயின் ஓடும் காடியில் அடைத்த தூளை வழித்து, ஆயில் துளையைக் குத்தி, விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்துப்போன விரலுக்கு அந்தப் பிசிறு தெரியாது, தம்பியின் விரலுக்குத் தெரியும். தட்டை அரத்தால் அவர் அதை நீக்கட்டும், பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டட்டும். எத்தனை பல் எந்த அளவில் இருக்கிறது என்பதை அண்ணன் கண் சொல்லிவிடும். கடைசியாகச் செயினைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். சூட்டில் நீண்டிருந்ததை இறுக்கி ஓட்டியிருப்பீர்கள். ஆறும்போது அது சுருங்கி, பாரையும் கிராங்க் தண்டையும் இரவெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கும். காலையில் முதலில் வருபவர், யாராக இருந்தாலும், சரியான இறுக்கம் பார்த்து, கையால் ஒரு சுற்று ஓட்டிவிட்டு மற்றவரிடம் கொடுக்கட்டும்.