பெயர் தெரியாது, முகம் பேசுகிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பெயர் தெரியாத பெண்ணின் ஓவியத்துக்குப் பொருள் தருவது அவள் வரலாறா, முகத்தில் தெரியும் உணர்வா? உணர்வே என்பது எங்கள் அணி.

வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. ஐரோப்பிய ஓவியர் ரோஹியர் வான் டெர் வெய்டன் 1460 வாக்கில் ஓக் பலகையில் தீட்டியது. ஒரு முழ உயரம்கூட வராது. இருண்ட பின்னணி, இருண்ட உடை, உள்ளே இருப்பது தெரியும் அளவுக்கு மெல்லிய முக்காடு, தாழ்ந்த இமைகள். இளம்பெண். பர்கண்டிப் பிரபு பிலிப்பின் மகள் என்று ஒரு யூகம் உண்டு. யாரும் நிரூபிக்கவில்லை.

எதிரணி நண்பர் சொன்னார்: "அந்தக் காலத்துப் பெண்கள் கண்ணைத் தாழ்த்துவது வழக்கம். வழக்கத்தைப் பார்த்து உணர்வு என்று உருகுகிறீர்கள்." நல்ல கேள்விதான். ஆனால் ஐயா, இதே ரோஹியர் 1440 வாக்கில் வரைந்த இன்னொரு பெண் பெர்லினில் இருக்கிறாள். வெள்ளைத் தலைத்துணி அணிந்தவள். அவள் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறாள்! அவளும் யாரென்று தெரியாதவள்தான்; ஓவியரின் மனைவியாக இருக்கலாம் என்பார்கள். வழக்கம் அவ்வளவு கறாரானது என்றால் அவள் எப்படி நிமிர்ந்தாள்? இமையைத் தாழ்த்துவதும் உயர்த்துவதும் ஓவியரின் முடிவாகவும் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சரி, கண்ணை விடுங்கள். வாஷிங்டன் பெண்ணின் கையைப் பாருங்கள். முகத்தில் சலனமே இல்லை. கீழே, சட்டத்தின் விளிம்பை ஒட்டி, விரல்கள் ஒன்றோடொன்று இறுகக் கோத்திருக்கின்றன. மேலே அடக்கம், கீழே அழுத்தம். உதடுகளோ நல்ல தடிப்பு. துறவிக்கு வரையும் உதடுகள் அல்ல. இருண்ட உடைக்கு நடுவே இடுப்பில் மட்டும் பளிச்சென்று சிவப்புக் கச்சை. அடக்கத்தை மட்டும் காட்ட நினைத்த ஓவியர் அந்தச் சிவப்பை எதற்கு வைத்தார்? ஏதோ ஒன்றை உள்ளே பிடித்து வைத்திருக்கிறாள் அவள். அது காதலா, பயமா என்று நான் சொல்ல மாட்டேன். பிடித்து வைத்திருப்பது மட்டும் பலகையிலேயே இருக்கிறது. நான் கற்பனையில் ஏற்றியது அல்ல.

நம் அகப்பாடல்களில் தலைவிக்குப் பெயர் கிடையாது. அவள் தவிப்பு நமக்குப் புரியாமலா போனது?

எதிரணித் தலைவர் எழுந்து இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: நாளையே ஓர் ஆவணம் கிடைத்து இவள் பெயர் தெரிந்துவிட்டால், அந்த விரல்களின் இறுக்கத்தில் எது மாறும்?