பெயர் பொறிக்காத கை

நேயர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், காவிரிக்கரையில் இருக்கிறது சுவாமிமலை. அங்கே வார்க்கும் உலோகத் திருமேனிகளில் செய்தவர் பெயரைப் பொறிப்பது மரபில்லை. உச்சி முதல் பாதம் வரை அளவும் சிற்ப நூலில் விதித்ததுதான். அப்படியானால் சிற்பிக்கு ‘நான்’ என்று சொல்லிக்கொள்ள அதில் என்ன மிச்சம்?

வேலை ஒடியோலையில் தொடங்குகிறது. சிலையின் உயரத்துக்குத் தென்னையோலையை நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு பிரிப்பார்கள். சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாளம் என்ற அளவுமுறை, 124 பங்கு. தேவியருக்கு மத்திம தசதாளம், 120. முகம் எவ்வளவு, தொடை எவ்வளவு என்பதை மடிப்பு சொல்லிவிடும். உதட்டோரம் எவ்வளவு குழிய வேண்டும், இடுப்பு திரும்பும்போது வயிற்றுச் சதை எப்படி இழுபட வேண்டும் என்பதை ஓலை சொல்லாது. அதைக் கைதான் சொல்ல வேண்டும். பழகிய கண்ணுக்கு ஒரே அளவில் செய்த இரண்டு சிவகாமிகளும் இரண்டு ஆள் கை என்று தெரிவது இதனால்தான். விதி இறுக்கமாக இருப்பதால் கையின் குணம் மறைவதில்லை. இன்னும் துலக்கமாகத் தெரிகிறது என்பேன்.

அடுத்தது மெழுகு. உருவத்தை முதலில் இதில்தான் செய்கிறார்கள்: தேன்மெழுகு, குங்கிலியப் பிசின், கொஞ்சம் கடலையெண்ணெய். வெயில் காலத்தில் குங்கிலியம் கூடினால்தான் உருவம் தொய்யாது. பனிக்காலத்தில் எண்ணெய் குறைந்தால் விரல் நுனி ஒடியும். மெழுகில் எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தலாம். சூடான கம்பியால் தொட்டால் போதும், பிழை கரைந்துவிடும்.

மெழுகு உருவத்தின் மேல் அச்சுக்காக மண் பூசியபின் அந்தச் சலுகை கிடையாது. முதல் பூச்சு சலித்த வண்டல்; அதில் கருக்கிய உமியும் சாணமும் சேரும். நகையின் இடுக்கு, மூக்கு நுனி எல்லாவற்றிலும் இதுதான் படிகிறது. இங்கே ஒரு காற்றுக்குமிழ் சிக்கினால் உலோகத்தில் அது பருவாக நிற்கும். மேல் பூச்சுகளில் வயல் மண்ணும் மணலும்; பெரிய சிலைக்கு இரும்புக் கம்பிக் கட்டும் உண்டு. ஒவ்வொரு பூச்சும் நிழலில் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடிப்பு விழும்.

பிறகு வறட்டித் தீயில் மெழுகை உருக்கி வடிப்பார்கள். மெழுகு எடைக்கு எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் வேண்டும். மூன்று கிலோ மெழுகுக்கு முப்பது கிலோ எடுத்துவைப்பது நல்லது, அச்சுக்குள் உலோகம் ஓடும் வாய்க்காலிலும் கசடிலும் கொஞ்சம் போகும். அச்சைக் குழியில் புதைத்து, ஒரே சீரான மெல்லிய தாரையாக, நடுவில் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். நிறுத்தினால் அந்த இடத்தில் மடிப்பு விழும். அச்சில் ஈரம் நின்றால் ஆவி கிளம்பி உலோகம் தெறிக்கும், ஆளுக்கே ஆபத்து.

ஆறியபின் அச்சை உடைத்தாக வேண்டும். மெழுகும் போயிற்று, மண்ணும் போயிற்று. தோளில் பள்ளம் தெரிந்தால், அது ஊற்றும்போது வந்ததா, பத்து நாள் முன்பு மண் பூசும்போது வந்ததா என்று பின்னோக்கி நடந்து பார்க்க வேண்டும். ஒரு சிற்பியின் சுபாவத்தை உருவாக்குவது இந்த நடைதான் என்பது என் எண்ணம். ‘கைராசி இல்லை’ என்பவருக்கு அடுத்த வார்ப்பிலும் அதே பள்ளம். ‘முதல் பூச்சைத் தடித்துப் போட்டுவிட்டேன்’ என்பவர் அதைத் தாண்டிப் போகிறார். புகழைவிட இந்தக் கணக்கு ஒருவருக்குத் தன்னைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

தஞ்சைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனரை, காளைமேல் கையூன்றி நிற்கும் சிவனைப் பாருங்கள். ராஜராஜன் காலம், 1011. அவர் சாய்ந்து நின்ற காளை இப்போது இல்லை; செய்தவர் பெயரும் தெரியாது. காளை மேல் ஊன்றியிருந்த வலது கை மட்டும் வெறும் காற்றில் தளர்ந்து கிடக்கிறது. அந்தத் தளர்ச்சியைப் பார்த்தாலே அங்கே காளையின் முதுகு எந்த உயரத்தில் இருந்தது என்று சொல்லிவிடலாம்.