பெயர் ஒட்டாத கைலி

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்து கைபேசியைத் தீமை என்று முழங்கிவிட்டு இப்போது அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, மாலை ஆறு மணியிலிருந்து கோட்டை அகழியின் கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டிருக்கும் வேலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

'இணையமும் சமூக ஊடகமும் வடாற்காட்டுக்கு வாழ்வு தந்தனவா, தாழ்வு தந்தனவா' என்பது தலைப்பு. வேலூரும் திருவண்ணாமலையும் ஒன்றாக இருந்த நம் பழைய மாவட்டம்தான் வடாற்காடு. வாழ்வே தந்தன என்று பேச வந்திருக்கிறேன். நான் குடியாத்தத்துக்காரி. எங்கள் வீட்டில் குழித்தறி உண்டு. அப்பா நாற்பது ஆண்டு கைலி நெய்தவர். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் வணிகத்தைப் பற்றி என்ன பேசிவிடப் போகிறாள் என்று எதிரணித் தலைவர் சிரித்தார். தறிச் சத்தத்தில் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவளுக்குக் கொஞ்சம் தெரியும், ஐயா.

அப்பா நெய்த கைலியில் அவர் பெயர் என்றைக்கும் இருந்ததில்லை. முதலாளி நூலும் பாவும் கொடுப்பார். அப்பா நெய்து கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்கி வருவார். அதன்பிறகு அந்தக் கைலிக்கு மடிப்பு, அழுத்தம், பளபளக்கும் காகித முத்திரை, அதில் அப்பா வாழ்நாளில் கேள்விப்படாத ஒரு பெயர். ஒருமுறை சென்னையில் உறவினர் கல்யாணத்துக்குப் போனபோது ஒரு துணிக்கடையில் தாம் நெய்த கட்டத்தை அவர் அடையாளம் கண்டுகொண்டார். கரை ஓரத்தில் ஒரு பச்சை இழையைச் சற்று இறுக்கிப் போடுவது அவர் கைப்பழக்கம். கடைப்பையனிடம் 'இது நான் நெய்தது தம்பி' என்று சொன்னாராம். அந்தப் பையன் முத்திரையைப் படித்துக்காட்டி, 'இல்லைங்க, இது கம்பெனி சரக்கு' என்றானாம்.

நடுவர் அவர்களே, இந்த வட்டாரத்தின் நெடுநாளைய வணிக வரலாற்றை இந்த ஒரு பதிலில் அடக்கிவிடலாம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிடுகிறோம், காலணி தைக்கிறோம். அது கடல் கடந்து போய் வேறொரு பெயரைப் பூட்டிக்கொண்டு விற்கிறது. தோல் பதனிட்ட கழிவு மட்டும் பாலாற்றில் நம் பெயரிலேயே தங்கிவிடுகிறது. ஆம்பூர் பிரியாணி என்ற பலகை தமிழ்நாட்டில் இல்லாத நெடுஞ்சாலை இல்லை. அந்தப் பலகைகளுக்கும் ஆம்பூருக்கும் பெரும்பாலும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செய்தவன் ஒருவன், பெயர் வேறொருவனுக்கு என்ற இந்த ஏற்பாட்டில் முதல் ஓட்டையைப் போட்டது இணையம் என்பதே என் வாதம். மற்ற நன்மைகளையெல்லாம் எங்கள் அணியின் முன்னவர்கள் சொல்லிவிட்டார்கள்.

என் தம்பி ஐந்து ஆண்டுகளுக்கு முன் சொந்த நூல் வாங்கித் தறியில் ஏற்றச் சொல்லி, அப்பா நெய்த கைலிகளைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடத் தொடங்கினான். உடனே பணம் கொட்டியது என்று சொல்ல மாட்டேன். முதல் ஆறு மாதம் கொட்டியது வசவுதான். இரவில் குழல்விளக்கின் கீழ் எடுத்த படத்தில் கருநீலமாகத் தெரிந்தது, பகலில் பிரித்துப் பார்த்தால் மயில்நீலமாக இருந்தது. ஒருவர் பொட்டலத்தையே வாங்காமல் திருப்பி அனுப்பினார். போக்குவரத்துச் செலவு இரண்டு பக்கமும் எங்கள் தலையில். பிறகுதான் காலை எட்டு மணி வெயில் திண்ணையில் சாய்வாக விழும்போது, துணியின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படமெடுக்கப் பழகினான். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் நீலமும் உண்மையான நீலமாகத் தெரியும் என்று அவனே கண்டுபிடித்தான். அதன்பின் தறிக்குழியில் கால் மிதிப்பதையும் நாடா ஓடுவதையும் ஒரு நிமிடக் காணொளியாகப் போட்டான். கைலியை விட அந்தக் காலைப் பார்த்துத்தான் துபாயிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கேட்டார்கள். 'நெய்கிறவர் யார்?' என்பதே அவர்களின் முதல் கேள்வி. நாற்பது ஆண்டுகளில் எங்கள் வீட்டை நோக்கி யாரும் கேட்காத கேள்வி அது.

எதிரணித் தலைவர் லாங்கு பஜார்க் கடைகளைப் பற்றி உருக்கமாகப் பேசினார். வாடகையும் மின்கட்டணமும் கட்டி நிற்கும் பாத்திரக் கடைக்காரர், இணையத் தள்ளுபடியோடு போட்டியிட முடியாமல் திணறுவது உண்மைதான், மறுக்கவில்லை. அந்நிய முதலீடு பெற்ற இணையச் சந்தைகள் தாமே சரக்கை வைத்து விற்கக் கூடாது என்பது இந்த நாட்டு விதி. அதை இன்னும் ஊன்றிக் கடைப்பிடிக்கச் செய்யுங்கள் என்று மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் அதே பஜாரில் காய்கறித் தட்டுக்கு மேல் கியூஆர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கும் அம்மாவையும் அவர் பார்த்திருக்க வேண்டும். 2016-இல் யூபிஐ வந்தது. இன்று பத்து ரூபாய்க் கொத்தமல்லிக்கும், பணம் வந்துவிட்டது என்று அட்டைக்குப் பக்கத்திலிருக்கும் ஒலிப்பெட்டி குரல் கொடுக்கிறது.

காட்பாடி ரயில் சந்திப்பில் இறங்கும் நோயாளிகளைப் பாருங்கள். அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கி, இன்று சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்திருக்கும் மருத்துவப் பணியை நாடி, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்துப் பலகைகளைப் படிக்காமல் நாம் நடக்க முடியாது. ஒரு காலத்தில் இரண்டு நாள் ரயிலில் வந்தவரின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்ட தரகர் எந்த விடுதியைக் காட்டினாரோ அதுதான் விடுதி, அவர் சொன்னதுதான் வாடகை. இன்று அதே ஆள் புறப்படுவதற்கு முன்பே, தன் மொழியில் தன் ஊர்க்காரர் எழுதிய குறிப்பைப் படித்துவிடுகிறார்: இந்த விடுதியில் மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை, அந்த விடுதியில் சமைத்துக்கொள்ள இடம் உண்டு. விடுதிக்காரரும் வேறு வழியின்றி வெந்நீர் போடுகிறார். காசு கொடுத்து நட்சத்திரம் வாங்குகிறார்களே என்பீர்கள். வாங்குகிறார்கள். அதனால்தான் இணைய மதிப்புரைகளுக்கென்று 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தரமுறையை வெளியிட்டது. எழுதுகிறவர் மெய்யான ஆள்தானா என்று உறுதிசெய்வதுதான் அதன் அடிப்படை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும், விற்பவரின் பெயரையும் முகவரியையும் வாங்குபவர் கண்ணில் படும்படி வைக்கச் சொல்கின்றன. ஆக, சட்டமும் சுற்றிச் சுற்றிப் பெயரிடம்தான் வந்து நிற்கிறது.

இனி, எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் வைத்த கனமான வாதத்துக்கு வருகிறேன். அதைத் தொடாமல் போனால் நான் இந்த மேடைக்கே தகுதியில்லாதவள். 2018 மே மாதம், போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். வாட்சப்பில் வாரக்கணக்காகச் சுற்றிய வதந்தி அது. நடந்தது வேறெங்கோ இல்லை. நம் பழைய வடாற்காட்டு மண்ணில். அதைச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது, கேட்ட எனக்கும்தான். இந்தக் கணக்கில் எங்கள் அணிக்குக் கடன் இருக்கிறது. அதை நான் தள்ளுபடி செய்யக் கேட்கவில்லை.

ஆனால் அந்தச் செய்தியை எழுதியவர் யார் என்று ஒரு கணம் கேட்டுப்பாருங்கள். கைபேசியில் அதைப் பெற்றவர்களுக்குத் தெரியாது. பெரியப்பா அனுப்பினார், பால்காரர் அனுப்பினார், சங்கக் குழுவில் வந்தது. எழுதியவருக்கு மட்டும் பெயர் இல்லை. தம்பியின் கைலிக்குப் பின்னால் ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. தவறு செய்தால் ஆயிரம் பேர் பார்க்கக் காறித் துப்புவார்கள். அந்த வதந்திக்குப் பின்னால் யாருமே இல்லை. அதே ஆண்டு ஜூலையில் வாட்சப் நிறுவனம் 'ஃபார்வர்டட்', அதாவது 'முன்னனுப்பியது' என்ற அடையாளத்தை ஒட்டியதும், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாமல் செய்ததும் எதனால்? 'இது உனக்கு அனுப்பியவன் எழுதியதில்லை, எழுதியவன் வேறு' என்று காட்டுவதற்கும், அது கண்டபடி பரவாமல் தடுப்பதற்கும்தான். தாமதமாகச் செய்தார்கள், ஓர் உயிர் போன பிறகு செய்தார்கள் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். பெயரற்ற சொல்லுக்குக் கடிவாளம் போடுங்கள் என்று கேளுங்கள், கூடவே நிற்கிறேன். பெயரோடு விற்பவனின் கடையையும் சேர்த்துப் பூட்டச் சொல்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

'வேகமே விஷம்' என்றார் எதிரணித் தலைவர். ஐயா நிற்கிற இடம் அப்படி. 1806 ஜூலை 10 அதிகாலையில், இதோ நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கோட்டைக்குள்தான் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் ஆங்கில அதிகாரி குதிரையேறி ஆர்க்காட்டுக்குச் செய்தி கொண்டுபோனார்; அன்று காலையிலேயே அங்கிருந்த ஆங்கிலப் படைத்தலைவர் கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து கிளர்ச்சியை ஒடுக்கிவிட்டார். அன்றும் செய்தி வேகமாகத்தான் போனது. குதிரை யாரிடம் இருந்தது என்பதுதான் கேள்வி. கில்லஸ்பியின் பெயர் பாடநூலில் இருக்கிறது. மாண்ட நூற்றுக்கணக்கான சிப்பாய்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? அவர்கள் நினைவாக மக்கான் சந்திப்பில் நிற்கும் தூணுக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். தனிப்பெயர் சொல்லிப் போட முடிகிறதா? குதிரை இல்லாதவனின் கையில் இன்று ஒரு கைபேசி இருப்பதைப் பார்த்து நான் மகிழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைச் சொல்லாமல் ஒரு வேலூர்க்காரி இறங்கினால் வீட்டில் சோறு கிடைக்காது. 2023-இல் 'வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்' என்று அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைச் சட்டம் காக்கும். அந்தப் பெயரை மதுரைக்காரருக்கு யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் எண்ணெய்க் கத்தரிக்காயை நம்மூர்ப் பெண்கள் வீட்டு அடுப்படியில் நின்று செய்துகாட்டும் காணொளிகள் சேர்க்கின்றன. காம்பில் முள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள் என்று அவர்கள் சொல்லும் ஒரு வரி, ஆயிரம் விளம்பரத்துக்குச் சமம். முள் இல்லாததை 'வேலூர்க் கத்தரி' என்று விற்றவர் அந்தக் காணொளியின் கீழேயே வாங்கிக் கட்டிக்கொள்வதை நான் கண்ணால் பார்த்தேன். சற்றுக் கடுமையான தீர்ப்புதான், இருந்தாலும் சுவையாக இருந்தது.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

இப்போது ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சிறு துண்டுச்சீட்டை வைக்கிறோம். அதில் அப்பா தம் கையாலேயே, நீலப் பந்துமுனைப் பேனாவில், 'நெய்தவர்' என்று எழுதிக் கீழே தம் பெயரை எழுதுகிறார். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும். தம்பி அச்சடித்துவிடலாம் என்றான், அவர் ஒப்பவில்லை. சென்ற மாதம் திருநெல்வேலியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சீட்டில் இருந்த பெயரைச் சொல்லி, அவரிடம்தான் பேச வேண்டும் என்று அடம்பிடித்தார். அப்பா எடுத்தார். 'பெரியவரே, மூன்றாவது துவைப்பிலேயே கரையில் நூல் பிரிகிறது, என்ன நெய்திருக்கிறீர்கள்?' என்று அவர் ஒரு பிடி பிடித்தார். அப்பா கைலியைத் திருப்பி அனுப்பச் சொன்னார், வேறொன்று நெய்து தருவதாகச் சொன்னார். பிறகு தறியை விட்டு எழுந்துபோய், எதிர்வீட்டுத் திண்ணை, டீக்கடை, கோயில் வாசல் என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தமக்கு ஒரு புகார் வந்திருப்பதைத் தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.