பேரைப் போட்டுத் தேடக் கூடாது! அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தோட கூத்து

அமெரிக்காவுல ஒரு கொலை. துப்பாக்கி கிடைச்சிருச்சு, அதுல நம்பரும் இருக்கு. வாங்கினது யாருன்னு கம்ப்யூட்டர்ல தட்டினா வந்துடும்தானே? வராது. வரக் கூடாதுன்னே சட்டம் இருக்கு!

வணக்கம் மக்களே. முதல்ல வரலாறு, வேகமா முடிச்சிடறேன், தூங்கிடாதீங்க. 1968-ல பெரிய மத்தியச் சட்டம் வந்துச்சு. 1993-ல பிரேடி சட்டம் வந்து, கடையில வாங்குறவரோட பின்னணியைப் பார்க்கணும்னு சொல்லிச்சு. இது நாடு முழுக்கப் பொது. அதுக்கு மேல எவ்வளவு கறாரா இருக்கணும்ங்கிறது மாநிலத்தோட இஷ்டம்.

[திரையில் வரைபடம்: சிகாகோ, பக்கத்தில் இந்தியானா எல்லை]

சிகாகோ இருக்குற இல்லினாய் மாநிலத்துல துப்பாக்கி வச்சிருக்கணும்னாலே மாநிலப் போலீஸ் தர்ற அட்டை வேணும். காசு கட்டினாலும் 72 மணி நேரம் காத்திருக்கணும். எல்லையைத் தாண்டி இந்தியானாவுக்குப் போனா அட்டையும் இல்ல, காத்திருப்பும் இல்ல. கடையில வாங்கினா மத்தியச் சட்டப்படி சோதனை உண்டு. தனி ஆள்கிட்ட வாங்கினா அதுவும் கிடையாது.

"வெளிமாநிலத்துக்காரனுக்கு விக்கலாமா?"ன்னு கேப்பீங்க. தனி ஆள் தெரிஞ்சே வித்தா மத்தியச் சட்டப்படி குற்றம். அந்த 'தெரிஞ்சே'லதான் இருக்கு விஷயம். தனி ஆள் விக்கும்போது வாங்குறவரோட அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்தே ஆகணும்னு மத்தியச் சட்டத்துல கட்டாயம் இல்ல. கேக்கலைன்னா எப்படிங்க தெரியும்?

சிகாகோ நகராட்சி 2017-ல ஒரு அறிக்கை விட்டுச்சு. குற்றங்கள்ல சிக்கின துப்பாக்கிகள்ல பத்துக்கு ஆறு வெளிமாநிலத்துலேர்ந்து வந்தது. இந்தியானா மட்டுமே அஞ்சுல ஒரு பங்கு! "சிகாகோவுல அவ்ளோ சட்டம் இருந்தும் என்ன பிரயோஜனம்"னு நக்கலடிக்கிறவங்க இந்த எண்ணைச் சொல்லவே மாட்டாங்க.

இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். மேற்கு வர்ஜீனியாவுல மார்ட்டின்ஸ்பர்க். குற்றத்துல சிக்கின துப்பாக்கியை யார் வாங்கினதுன்னு தேடுற மத்திய அரசு மையம் இங்க இருக்கு. மூடின துப்பாக்கிக் கடைகளோட விற்பனைப் பதிவுகள் எல்லாம் பெட்டி பெட்டியா இங்கதான் வந்து குவியுது. நாட்டுல யார் யார்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு மத்திய அரசு பட்டியலே போடக் கூடாதுன்னு 1986 சட்டம் தடுத்திருக்கு. அதனால ஸ்கேன் பண்ணுவாங்க, ஆனா வெறும் படமா! பேரைப் போட்டுத் தேட முடியாது. ஊழியர் உட்கார்ந்து பக்கம் பக்கமாப் புரட்டணும். ஒரு கட்டத்துல உள்ள இடம் பத்தாம வாசல்ல கப்பல் கன்டெய்னர்லயும் பெட்டிகளை அடுக்கி வச்சிருந்தாங்க. ராக்கெட் விடுற நாடுங்க இது!

பட்டியல் இருந்தா நாளைக்கு அரசாங்கம் வீட்டுக்கே வந்து பறிச்சிடும்ங்கிறது துப்பாக்கி ஆதரவாளர்களோட பயம். அந்தப் பயம் எனக்குப் புரியுது. ஆனா கொலை நடந்த பிறகும் கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் தேடணுமா? கமெண்ட்ல சண்டை போடுங்க, நானும் வர்றேன்.