எழுந்து போகும் உரிமை

(கிளை நூலக வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் விளம்பர இடைவேளையின் நீளத்தை அம்மா தோசைக் கணக்கில்தான் சொல்வார். இரவுத் தொடரில் முதல் இடைவேளை வந்ததும் எழுந்து அடுக்களைக்குப் போவார். கல் ஏற்கெனவே சிறு தீயில் காய்ந்துகொண்டிருக்கும். மாவை ஊற்றி, எண்ணெய் விட்டு, திருப்பிப் போட்டு எடுப்பதற்குள் கூடத்தில் தொடரின் இசை கேட்டுவிடும். தொடக்கத்தில் அது இரண்டு தோசை இடைவேளையாக இருந்தது; பிறகு மூன்றாயிற்று, நான்காயிற்று. நான்காவது தோசையோடு வந்து உட்கார்ந்த பிறகும் பற்பசை விளம்பரமே ஓடிக்கொண்டிருந்தால், "இன்னைக்கு என்னடா இவ்வளவு நேரம்" என்று அலுத்துக்கொள்வார். அந்த அலுப்புக்கு நடுவிலும் அவரிடம் ஓர் உரிமை இருந்தது என்பதை நான் வெகு காலம் கழித்தே உணர்ந்தேன். விளம்பரம் வந்தால் அது விளம்பரம் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததால் எழுந்து போக முடிந்தது. அந்த உரிமையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1976 ஜனவரி முதல் நாளிலிருந்து தூர்தர்ஷன் விளம்பரங்களை ஏற்றுக்கொண்டது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க, தொலைக்காட்சி வைத்திருந்த வீட்டின் திண்ணையிலும் சன்னலோரத்திலும் தெருவே கூடிய காலத்தில், விளம்பரங்களும் ஒரு வேடிக்கையாகவே பார்க்கப்பட்டன. அவற்றின் பாட்டுகளை நாங்கள் மனப்பாடமாகப் பாடினோம். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. அடுத்தடுத்துத் தனியார் சேனல்கள் பெருகின. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கிய பின், குடிசை வீட்டிலும் ஒரு திரை ஒளிர்ந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டார் கதவைச் சாத்தினால் வெளியே நிற்க வேண்டியிருந்த பிள்ளைகள், தங்கள் வீட்டிலேயே தலை நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். விளம்பரம் இல்லாமல் இத்தனை சேனல்களை நடத்த முடியாது என்பதையும் நான் அறிவேன். ஆடி மாதத்தில் ஊர் ஜவுளிக்கடைக்காரர் தம் கடையின் தள்ளுபடியைச் சொல்வதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் விளம்பரம் கொடுப்பவருக்கு, அம்மா அடுக்களைக்குப் போவது ஓர் இழப்பு. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைக் கணிக்க, தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி பொருத்தியிருக்கிறார்கள். அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பொத்தான் உண்டு. பார்க்க உட்கார்ந்தால் ஒரு முறை, எழுந்து போனால் ஒரு முறை என்று அதை அழுத்த வேண்டும். அந்த எண்ணிக்கை வாரந்தோறும் வெளியாகிறது. விளம்பர நேரத்தின் விலை அதை ஒட்டியே நிர்ணயமாகிறது. எனவே பார்ப்பவரை எழ விடாமல் செய்வதும், எழுந்தவரைத் துரத்திப் பிடிப்பதும் ஒரு தொழில் நுணுக்கமாகவே வளர்ந்துவிட்டன.

முதலில் ஒலி கூடியது. தொடரில் தாயும் மகளும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். இடைவேளை வந்ததும் சோப்பு விளம்பரம் தூளியில் தூங்கும் குழந்தையை எழுப்பிவிடும். பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஒடுக்கி, மெல்லிய ஒலிகளையும் உச்சத்துக்கு அருகில் ஏற்றிப் பதிவு செய்வதால் வரும் விளைவு இது. அடுக்களை வரை கேட்க வேண்டும் என்பதே அதன் நோக்கம் என்று நான் கருதுகிறேன். பிறகு விளம்பரம் நிகழ்ச்சிக்குள்ளேயே இறங்கியது. கதை நடந்துகொண்டிருக்கும்போதே படம் சுருங்கி ஒரு மூலைக்கு ஒதுங்க, இடப்பக்கமும் அடிப்பக்கமும் எண்ணெய் நிறுவனத்தின் பெயர் விரிகிறது. கதையில் கணவனை இழந்து அழும் பெண்ணின் முகத்துக்குக் கீழே கூந்தல் தைலம் ஓடிய காட்சியை நான் பார்த்திருக்கிறேன். நடித்தவரின் உழைப்புக்கும், பார்த்துக் கண் கலங்கியவரின் மனத்துக்கும் அது செய்த அவமதிப்பு.

இவை எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள் 1994-இல் வந்தன. சட்டம் 1995-இல் வந்தது. ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடங்களைத் தாண்டக் கூடாது; அதில் வணிக விளம்பரத்துக்கு 10 நிமிடங்கள், சேனல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள 2 நிமிடங்கள். விளம்பரத்தின் ஒலி மிகையாக இருக்கக் கூடாது. விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரித்தறியும்படி இருக்க வேண்டும். திரையின் கீழ்ப்பகுதியில் வாசகங்களை ஓட விட்டு நிகழ்ச்சிக்கு இடையூறு செய்யக் கூடாது. 12 நிமிட வரம்பைச் செயல்படுத்தத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-லும் 2013-லும் முயன்றபோது, விவகாரம் வழக்காகித் தில்லி உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நிலுவையில் கிடந்தது. கட்டணச் சேனலுக்கு மாதாமாதம் சந்தாவும் கட்டிவிட்டு, அதே சேனலின் விளம்பரத்துக்கு நேரத்தையும் கொடுக்கிற நாம் அந்த வழக்கில் எந்தத் தரப்பிலும் இல்லை.

நான் இங்கே வந்து நிற்பதற்குக் காரணம் இதுவரை சொன்னவை அல்ல. அம்மாவுக்கு நேர்ந்ததுதான் காரணம்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையில் நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிய பிறகு, வீட்டில் அவரும் தொலைக்காட்சியும் மட்டுமே. பத்தரை மணிக்கு ஒரு சேனலில் மருத்துவர் ஒருவர் வருவார். பின்னணியில் மூலிகைப் படங்கள், மேசையில் பூச்சாடி, எதிரே பணிவாகக் கேள்வி கேட்கும் ஒரு பெண். நேயர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள். "ஐயா, ஆறு மாசமா நீங்க கொடுத்த லேகியம் சாப்பிடுறேன், இப்ப மாத்திரையே இல்லைங்க" என்று ஒருவர் தழுதழுப்பார். "எல்லாம் அவன் செயல்" என்று மருத்துவர் கைகூப்புவார். கீழே ஓர் எண் நிலையாக நிற்கும். அம்மா அந்த எண்ணுக்கு அழைத்தார். பேரன் பேத்திகளுக்குத் தீபாவளிக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தைத் தபால்காரரிடம் கொடுத்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். எங்களிடம் சொல்லவில்லை. மாத்திரைகளை நிறுத்தினார்.

ஐந்தாவது வாரம் கால் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார், விரல் தப்பியது. வீட்டுக்கு வந்த பிறகு, கோபத்தை அடக்கிக்கொண்டு, "விளம்பரத்தை நம்பலாமா அம்மா?" என்று கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். "அது விளம்பரம் இல்லையேடா. விளம்பரம்னா பாட்டு வரும், சாமான் காட்டுவாங்க, நான் எழுந்து போயிருப்பேன். இவர் உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தாரே" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. அந்த அரை மணி நேரம் சேனல் பணம் வாங்கிக்கொண்டு விற்ற நேரம் என்பதும், அழைக்கிற நேயர் உண்மையில் நேயர்தானா என்பது யாராலும் சரிபார்க்கப்படுவதில்லை என்பதும் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? மறுநாள் நானே உட்கார்ந்து பார்த்தேன். தொடக்கத்தில் சில நொடிகள், இதில் சொல்லப்படுபவற்றுக்குச் சேனல் பொறுப்பல்ல என்று ஒரு வாசகம் வந்து மறைந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. என் அம்மா ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர்.

சட்டம் இங்கேயும் மௌனமாக இல்லை. மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் தொடர்பான ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள் சட்டம் 1954-இல் வந்தது. அதன் அட்டவணையில் உள்ள 54 நோய்கள், கோளாறுகளைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது குற்றம். அந்த வரிசையில் நீரிழிவும் இருக்கிறது. தில்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியதே 1959-இல்தான். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, துண்டறிக்கை, உறை, வாய்மொழி அறிவிப்பு ஆகியவற்றோடு, ஒளியாலும் ஒலியாலும் புகையாலும் செய்யப்படும் அறிவிப்புகளையும் விளம்பரம் என்றே அந்தச் சட்டம் வரையறுத்தது. சட்டம் எழுதியவர்கள் எந்தச் சந்தையில் எந்த லேகிய வியாபாரியைக் கண்டு புகையைக்கூடச் சேர்த்தார்களோ தெரியாது. ஆனால் என் அம்மாவைப் போன்ற ஒருவரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறார்கள் என்று அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைந்திருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அது அபராதம் விதிக்கலாம்; பரிந்துரைக்கும் பிரபலங்களும் இதற்கு விலக்கல்ல. 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 2021-இல் திருத்தப்பட்ட கேபிள் விதிகளின்படி, நேயரின் புகாருக்குச் சேனல் 15 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நிறைவில்லை என்றால் சேனல்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். கேபிள் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியருக்கும் அதிகாரம் உண்டு. புகாரில் சேனலின் பெயர், தேதி, நேரம் மூன்றும் இருக்க வேண்டும். முடிந்தால் கைப்பேசியில் எடுத்த படமும் இருந்தால் நல்லது. நான் அனுப்பிய முதல் கடிதத்தில் ஆதங்கம் நிறைய இருந்தது, தேதி இல்லை. இரண்டாவது கடிதத்தில் எல்லாம் இருந்தன. அதற்கு வந்த ஒப்புகையை இங்கே கொண்டு வந்திருக்கிறேன், விரும்புபவர்கள் பார்க்கலாம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. விற்கப்பட்ட நேரம் ஓடும் அரை மணி முழுவதும், திரையில், கண்ணாடி போட்ட முதியவர் கூடத்தின் மறுகோடியிலிருந்து படிக்கும் அளவில், 'இது பணம் பெற்று ஒளிபரப்பும் விளம்பரம்' என்று தமிழில் எழுதியிருக்க வேண்டும். அதைப் படித்த பிறகும் பார்க்க விரும்புபவர் பார்க்கட்டும்.

இந்தக் கோரிக்கையை மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனுவாக எழுதியிருக்கிறேன். நான்கு படிகள் நூலகரின் மேசையில் இருக்கின்றன. படித்துப் பார்த்து, உடன்படுபவர்கள் கையெழுத்திடலாம். திருத்தம் இருந்தால் ஓரத்தில் குறியுங்கள். முதல் கையெழுத்து அம்மாவுடையது. ஐந்தாம் வகுப்புக்குப் பின் அதிகம் எழுதிப் பழகாத கை என்பதால், அது கோட்டை விட்டு மேலே ஏறிப் போயிருக்கும்.