வீட்டுக்கு வாரண்டி எந்தத் தேதியில ஆரம்பிக்குது? சேலத்துல வீடு வாங்கறதுக்கு முன்னாடி பாருங்க

வணக்கமுங்க. சேலத்துல வீடு பாக்கப் போனா போர்ல தண்ணி எத்தனை அடியிலன்னு கேக்கறோம், கார்னர் சைட்டான்னு கேக்கறோம். வாரண்டின்னு வாயைத் தொறந்தா "நாங்க எங்கீங்க ஓடப் போறோம், இதே ஊருதானே"ன்னு பில்டர்கிட்ட இருந்து பதில் வரும். அந்தப் பேச்சு நாளைக்கு எங்கயும் செல்லாது.

2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 14(3) பிரிவு என்ன சொல்லுதுன்னா, வீட்டை உங்க கையில ஒப்படைச்ச நாள்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானத்துலயோ வேலைத்தரத்துலயோ குறை இருக்குன்னு நீங்க சொல்லிட்டா, 30 நாளைக்குள்ள பில்டர் காசு வாங்காம சரி பண்ணணும். பண்ணலைன்னா நஷ்டஈடு கேக்கலாம். கிரயத் தேதி இல்லீங்க, ஒப்படைச்ச தேதி. அதனால சாவி வாங்கற அன்னைக்கே தேதி போட்ட ஒப்படைப்புக் கடிதம் வாங்கிடுங்க. 3 வருஷம் ஆன ஃபிளாட்டை முதல் ஓனர்கிட்ட இருந்து வாங்கறீங்களா? மிச்சம் 2 வருஷம் உங்களுக்கு வரும். அந்தக் கடிதத்தோட நகலைக் கேளுங்க.

இப்பத்தான் சிக்கல். 500 சதுர மீட்டருக்கு மிகாத இடம், இல்ல 8 வீட்டுக்கு மிகாத திட்டம்னா ரெரா பதிவு தேவையில்லை. கன்னங்குறிச்சி, கொண்டலாம்பட்டி பக்கம் 1200 சதுர அடியில கட்டி விக்கற தனி வீடெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். அங்க உங்களைக் காப்பாத்தறது கட்டுமான ஒப்பந்தம் மட்டும்தான். வெறும் கிரயப் பத்திரத்தோட நின்னுட்டா, நுகர்வோர் ஆணையத்துல "இது விற்பனைங்க, சேவையே இல்லை"ன்னு எதிர்த்தரப்பு வாதாடுவாங்க. ஒப்பந்தத்துல இப்படி ஒரு வரி கேளுங்க: "ஒப்படைத்த தேதியிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலும் வேலைத்தரத்திலும், நீர்க்கசிவு உட்பட, தெரியவரும் குறைகள் எழுத்து மூலம் தெரிவித்த 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தரப்படும்." அந்த 'நீர்க்கசிவு உட்பட'ங்கறதை வெட்டத்தான் பாப்பாங்க. விடாதீங்க, வர்ற புகார்ல முக்கால்வாசி அதுதான்.

பாத்ரூம் சங்கன் பகுதியை, அதாவது குழாய் போறதுக்காகத் தாழ்த்திப் போட்ட தளத்தை, டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி பாத்துடணும். அவுட்லெட்டை அடைச்சு, ரெண்டு இஞ்ச் தண்ணி கட்டி, மட்டத்துல பென்சில் கோடு போட்டு 48 மணி நேரம் விடுங்க. கீழ சீலிங், வெளிச்சுவர் ரெண்டையும் தடவிப் பாருங்க. தேதியோட போட்டோ எடுங்க. டைல்ஸ் ஒட்டின பிறகு கசிஞ்சா "நீங்க ஆசிட் ஊத்திக் கழுவினதாலதான்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

விரிசல்ல எல்லாம் ஒரே ஜாதி இல்லைங்க. பூச்சுல வலை மாதிரி மெல்லிசா ஓடறது பூச்சு காயறப்ப வர்ற விரிசல், பெயிண்டோட போயிடும். பீமுக்கு அடியில நேர்க்கோடா வந்தா, கான்கிரீட்டும் செங்கலும் சேர்ற இடத்துல கம்பி வலை அடிக்காத வேலை. ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஏறினாத்தான் கவலை. ரெண்டு முனையிலயும் தேதி எழுதி வெச்சு, ஒரு மாசம் கழிச்சுப் பாருங்க. முனை தாண்டி ஓடியிருந்தா இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

வாரண்டியை நாமளே கெடுத்துக்கறதும் நடக்குது. மொட்டை மாடியில சோலார் ஸ்டாண்டுக்கு டிரில் போட்டு போல்ட் முடுக்கினா, நீர்க்காப்பு போச்சு. கான்கிரீட் கட்டை மேல ஸ்டாண்டை நிறுத்தச் சொல்லுங்க. அப்புறம் கீசர். நம்மூர் போர்த்தண்ணிக்கு எலிமெண்ட்ல சுண்ணாம்பு கட்டிக்கும். உப்புத்தண்ணிப் பழுது சேராதுன்னு நிறைய வாரண்டி அட்டையில பொடி எழுத்துல இருக்கும். அதுக்கு பில்டர் பொறுப்பில்லை, கம்பெனிதான். அதனால மோட்டார், கீசர், குழாய், தொட்டி எல்லாத்துக்கும் பில்லையும் சீரியல் நம்பரையும் வாங்கிக்குங்க. கரையான் மருந்துக்குச் சான்றிதழ்ல மருந்து பேரு, அடிச்ச தேதி இருக்கணும். பேங்க் லோனோட குடுக்கற இன்சூரன்ஸ் தீ, வெள்ளத்துக்கு. ஒழுகற பாத்ரூமுக்கு இல்லை.

குறை வந்தா வாட்ஸாப்புல மட்டும் நிறுத்தாதீங்க. எந்த ரூம், எந்தச் சுவர், எப்ப பாத்தீங்கன்னு எழுதி, போட்டோ வெச்சு ஸ்பீடு போஸ்ட்லயும் மெயில்லயும் அனுப்புங்க. போய்ச் சேர்ந்த அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்க. நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதா இருந்தா பிரச்சினை எழுந்த நாள்ல இருந்து 2 வருஷம்தான் கெடு. குடுத்த தொகை 50 லட்சத்துக்குள்ளன்னா மாவட்ட ஆணையம், அதுக்கு மேல 2 கோடி வரைக்கும் மாநில ஆணையம்.

ஏற்காட்டுல வாங்கறவங்களுக்கு ஒண்ணு. அங்க வீட்டை விட மண்ணைப் பிடிச்சு நிக்கிற தாங்கு சுவர் முக்கியம். ஒப்பந்தத்துல 'கட்டடம்'னு மட்டும் போட்டா அது வெளிய போயிடும். பேரு சொல்லி எழுதச் சொல்லுங்க. சுவர்ல தண்ணி வடியற ஓட்டை இருக்கா, மண்ணு அடைச்சிருக்கான்னு மழை நாள்ல போய்ப் பாருங்க. ஓட்டையில சொட்டுக் கூட வராம சுவர் மட்டும் ஊறியிருந்தா, பின்னாடி தண்ணி தேங்கி நின்னு தள்ளுதுன்னு அர்த்தம்.

கமெண்டுல விரிசல் போட்டோ போடறவங்க பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு எடுங்க. அளவு தெரியாம எதையும் சொல்ல முடியாதுங்க.